மன்னிக்கும் தரப்பு

ஆழ்வாப்பிள்ளை மன்னிப்பதற்குத் தெரிவாகியிருக்கிறார் என்ற கடிதம் வைகாசி மாதத்து வியாழக்கிழமை ஒன்றில் பதிவுத்தபாலில் வந்தது. வெங்காயத் தறையில் பாத்தி பாத்தியாகத் தண்ணீர் மாறிக்கொண்டிருந்தவர் சேற்றுக் கையைச் சாரத்தில் துடைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டு வாங்கினார். கிணற்றுக்கட்டில் குந்தியிருந்து இரண்டு தரம் வாசித்தார்.

"உள்ளங்களை இணைக்கும் பணியகத்தின் 'கை கோர்ப்போம்' நிகழ்ச்சித்திட்டத்தினுடைய இரண்டாவது அணியில், மன்னிக்கும் தரப்பினருள் ஒருவராகத் தாங்கள் தெரிவுசெய்யப்பட்டுள்ளமையை மகிழ்ச்சியுடன் அறியத்தருகின்றோம். தாங்கள் பாதிக்கப்பட்டவர் என்பதைக் கிராம அலுவலர் உறுதிப்படுத்திய கடிதத்துடன் சமுகமளிக்கவும். சமுகமளிக்காதவிடத்துத் தாங்கள் சமாதானத்தை விரும்பவில்லை எனக் கருதப்படும்."

நாகேஸ்வரி குசினி வாசலில் நின்று கேட்டாள்.

"என்னவாம்?"

"மன்னிக்க வரட்டாம்."

"ஆரை?"

ஆழ்வாப்பிள்ளை கடிதத்தைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். "அது போடேல்லை."

அவள் உள்ளே போய்விட்டாள்.

அவர்களுடைய ஒரே மகன் சுபாஸ்கரன். தொண்ணூற்றாறாம் ஆண்டு ஆடி மாதத்துச் செவ்வாய்க்கிழமை காலையில், பத்தொன்பது வயதில், மருதனார்மடத்துக்கு ரியூசனுக்கென்று சைக்கிளில் போனவன் சங்கக்கடையடியில் இருந்த இராணுவச் சென்ரியைத் தாண்டவில்லை. அங்கே அவனை மறித்ததைக் கண்டவர்கள் இருந்தார்கள். பிறகு கண்டவர்கள் ஒருவரும் இல்லை. அன்றிலிருந்து ஆழ்வாப்பிள்ளை போகாத விசாரணை இல்லை. மூன்று பேர் இருந்த குழுவுக்கும் சொன்னார், ஐந்து பேர் இருந்த குழுவுக்கும் சொன்னார், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நித்திரையாகிப்போன ஒருவருக்கும் முழுவதும் சொல்லி முடித்தார். எல்லாரும் எழுதினார்கள். எழுதியவை எங்கே போயின என்று கேட்டால், அதைக் கண்டறிய இன்னொரு குழு நியமிக்கப்பட்டிருப்பதாகச் சொன்னார்கள்.

நாகேஸ்வரி முதல் இரண்டு விசாரணைக்குத்தான் போனாள். இரண்டாவதில் ஒருவர், "மகனை அடையாளம் காட்டுறதுக்கு ஏதும் இருக்கோ அம்மா?" என்று கேட்டார். "அடையாள அட்டை இருந்தது. அதைத்தான் சென்ரியிலை வாங்கி வைச்சவை" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தவள், பிறகு எந்தக் கூட்டத்துக்கும் படியேறவில்லை. போகாதே என்று அவரைத் தடுத்ததுமில்லை. வந்த பிறகு என்ன நடந்தது என்று கேட்டதுமில்லை.

கிராம அலுவலரான விதானையார் கடிதம் கொடுப்பதற்கு யோசித்தார். "பாதிக்கப்பட்டவர் எண்டு தாராளமாய் எழுதுவன் ஐயா. ஆனால் இன்னும் பாதிக்கப்பட்டிருக்கிறியள் எண்டு நான் எப்பிடி உறுதிப்படுத்துறது? தோட்டம் செய்யிறியள், கோயிலுக்குப் போறியள், நல்லாத்தானே இருக்கிறியள்." ஆழ்வாப்பிள்ளைக்கும் அதற்கு ஆதாரம் எதுவும் காட்டத் தெரியவில்லை. கடைசியில் விதானையார், 'மேற்படி நபர் பாதிக்கப்பட்டவராகவே வசித்து வருகிறார்' என்று எழுதிச் சீல் குத்திக் கொடுத்தார்.

பணியகம் யாழ்ப்பாணத்தில் ஒரு மாடிக் கட்டடத்தில் இருந்தது. மன்னிக்கும் தரப்பினர் பதினொரு பேரும் ஆயத்தப் பயிற்சிக்காக முதலில் அங்கே கூடினார்கள். இணைப்பாளர் அருட்செல்வன் நாற்பது வயது மனிதர். கழுத்துப்பட்டி கட்டியிருந்தார், எல்லாரையும் கும்பிட்டார், உண்மையிலேயே நல்ல மனிதர். ஒவ்வொருவருக்கும் ஒரு தாள் கொடுத்தார். 'உங்கள் கோபத்தின் அளவு யாது?' என்று கேட்டு ஒன்றிலிருந்து ஐந்து வரை பெட்டி போட்டிருந்தது. ஆழ்வாப்பிள்ளை நெடுநேரம் யோசித்து இரண்டில் புள்ளடி போட்டார்.

அருட்செல்வன் குனிந்து பார்த்தார். "ரெண்டு காணாது ஐயா."

"எனக்கு அவ்வளவுதான் தம்பி வருகுது. வயசும் போட்டுது."

"நிகழ்ச்சி முடியேக்கை இது ஒண்டுக்கு வரவேணும். ரெண்டிலை இருந்து ஒண்டுக்கு வந்தால் கொழும்பிலை அதை முன்னேற்றம் எண்டு எடுக்கமாட்டினம். நாலு போடுங்கோ."

ஆழ்வாப்பிள்ளை நாலு போட்டார். ஓர் உத்தியோகத்தரின் ஆலோசனைப்படி அவர் தன்னுடைய கோபத்தைக் கூட்டிக்கொண்டது அதுவே முதல் தடவை.

அடுத்ததாகச் சொற்கள். சில சொற்கள் உள்ளங்களை இணைப்பதில்லை என்று ஆய்வில் தெரியவந்ததால் அவற்றுக்குப் பதிலான சொற்களைச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். 'இராணுவம்' என்பதற்கு 'அக்காலத்தில் கடமையிலிருந்தோர்'. 'நீதி' என்பதற்கு 'நல்லெண்ணம்'. 'காணாமல் ஆக்கப்பட்டவர்' என்பதற்கு 'தற்போது வருகை பதியப்படாதவர்'. ஆழ்வாப்பிள்ளை அந்தக் கடைசி வரியைப் பார்த்துக்கொண்டு நின்றார். பள்ளிக்கூடத்து வரவு இடாப்பில் சுபாஸ்கரனுடைய பெயருக்கு நேரே ஒரு நாள்கூட வெறுமையாக இருந்ததில்லை.

கடைசியாகக் கட்டியணைக்கும் பயிற்சி. தெற்கிலிருந்து வரவேண்டிய, அக்காலத்தில் கடமையிலிருந்த 'மனம் மாறிய தரப்பு' இன்னும் வந்து சேராதபடியால் பணியகத்துச் சாரதி செந்தூரன் அவர்களுக்குப் பதிலாக நின்றான். ஐம்பத்தாறு வயதான செந்தூரன் முதலாம் அணியில் பதினொரு பேராலும் இரண்டு தரம் மன்னிக்கப்பட்ட அனுபவசாலி. ஆழ்வாப்பிள்ளை கிட்டப் போனதும் காதுக்குள் சொன்னான்.

"முதுகிலை இறுக்கிப் பிடிக்காதேங்கோ ஐயா, முள்ளந்தண்டிலை தட்டு விலகியிருக்கு."

அவர் மெல்லப் பிடித்தார். "உமக்கும் ஆரும்...?"

"அண்ணை ஒராள். தொண்ணூத்தேழிலை."

"நீரும் இதுக்கு எழுதிப் போடலாமே."

"பணியகத்து ஆக்கள் மன்னிக்க விண்ணப்பிக்கேலாது ஐயா. சுற்றுநிருபம் இருக்கு."

படம் எடுப்பவன் முகத்தைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பச் சொன்னான். இருவரும் திருப்பினார்கள்.

பெரிய நிகழ்ச்சி ஆனி மாதத்தில் ஒரு ஹோட்டல் மண்டபத்தில் இரண்டு நாள் நடந்தது. கொழும்பிலிருந்து வந்த பணிப்பாளர் தொடக்கவுரை ஆற்றினார். "மன்னிப்பிலே நாங்கள் இந்த வருடம் இலக்கை எட்டிவிடுவோம். போன வருடம் பதினொன்று, இந்த வருடம் பதினொன்று, மொத்தம் இருபத்திரண்டு. இதே வேகத்தில் போனால் வடமாகாணத்தை முழுவதுமாக மன்னிக்கவைக்க இன்னும் சில நூறு ஆண்டுகள்தான் தேவைப்படும்" என்றார். கைதட்டினார்கள். பிறகு சோடி பிரித்தார்கள். ஒரு சட்டியில் இங்கத்தையவர்களின் இலக்கம், மற்றதில் அங்கத்தையவர்களின் இலக்கம். ஆழ்வாப்பிள்ளைக்கு ஏழு வந்தது.

ஏழாம் இலக்கத்தோடு எதிரே வந்து இருந்தவர் பியசிறி. ஐம்பது வயது இருக்கும். எம்பிலிப்பிட்டியப் பக்கத்தில் வாழைத் தோட்டம் செய்கிறவர். இருவருக்கும் நடுவில் மொழிபெயர்ப்பாளர் வினோஜா இருந்தாள். வல்வெட்டித்துறைப் பிள்ளை, கம்பஸில் சிங்களம் படித்தவள். பேச்சுத் தொடங்குமுன் ஆழ்வாப்பிள்ளை அந்த மனிதரின் நகங்களைப் பார்த்தார். மண் ஏறிப்போன நகங்கள். அவரும் இவருடைய நகங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அறிமுகத்துக்குப் பத்து நிமிடம். ஆழ்வாப்பிள்ளை ஊரைச் சொன்னார், மகனைச் சொன்னார், வருடத்தைச் சொன்னார், சங்கக்கடையடியைச் சொன்னார். வினோஜா ஒவ்வொன்றாகச் சிங்களத்தில் சொல்ல, பியசிறி நிமிர்ந்தார். இடத்தைத் திரும்பக் கேட்டார். பிறகு கதைக்கத் தொடங்கினார். மெதுவாகத் தொடங்கி, நிற்பாட்டாமல், மேசையைப் பார்த்தபடி நாலைந்து நிமிடம் கதைத்தார்.

ஆழ்வாப்பிள்ளைக்குச் சிங்களத்தில் ஏழெட்டுச் சொற்கள் தெரியும். எல்லாமே சென்ரிகளில் படித்தவை. வா, போ, நில், எங்கே, இறங்கு. அந்த நாலைந்து நிமிடத்துக்குள் 'பைசிகலே' என்ற சொல்லை மூன்று தரமும் 'பஹின்ன' என்ற சொல்லை ஒரு தரமும் அவர் கேட்டார். சைக்கிள். இறங்கு.

வினோஜாவின் பேனை நின்றுவிட்டது. அவள் தலையைத் தூக்கியபோது பின்னால் அருட்செல்வன் நின்றார்.

"இஞ்சை வந்தது தனக்குச் சந்தோசமாம்" என்றாள்.

"பிள்ளை, அவர் சைக்கிள் எண்டல்லோ சொன்னவர்."

அருட்செல்வன் ஆழ்வாப்பிள்ளையின் கதிரைக்குப் பக்கத்தில் முழங்காலில் இருந்து, குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னார்.

"ஐயா, உண்மை எண்டது ரெண்டாம் கட்டம். நாங்கள் இப்ப முதலாம் கட்டத்திலை நிக்கிறம். முதலாம் கட்டம் மன்னிப்பு."

"எதைத் தம்பி மன்னிக்கிறது?"

"அது ரெண்டாம் கட்டத்திலை தெரியவரும்."

"அப்ப அதை முதல் வைச்சால் என்ன?"

"மன்னிக்காத ஆளிட்டை உண்மையைச் சொன்னால் அவருக்குக் கோபம் வரும் ஐயா. மன்னிச்ச ஆளிட்டைச் சொன்னால் பிரச்சினை இல்லை. நல்லா யோசிச்சுத்தான் இந்த ஒழுங்கு வைச்சிருக்கு."

"ரெண்டாம் கட்டம் எப்ப?"

"முன்மொழிவு போயிருக்கு" என்றார் அருட்செல்வன். அதைச் சொல்லும்போது அவருடைய குரலில் பொய் எதுவும் இருக்கவில்லை. முன்மொழிவு உண்மையாகவே போயிருந்தது.

ஆழ்வாப்பிள்ளை விடாமல் கேட்டபடியால் அவரை உளவளத் துணைக்கென்று பக்கத்து அறையில் கொண்டுபோய் இருத்தினார்கள். ஒரு பெண் அவருக்கு மூச்சு விடப் பழக்கினாள். எழுபத்தொரு வயதில் அவர் அதையும் படித்துக்கொண்டார். திரும்பி வந்தபோது தென்பகுதி ஆட்களைத் தேநீருக்குக் கூட்டிப்போயிருந்தார்கள்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து, நாகேஸ்வரி கேட்காமலே சொன்னார். "இஞ்சரும், ஒருத்தன் சைக்கிளைப் பற்றிக் கதைச்சவன். சங்கக்கடையடியெண்டு சொன்னவுடனை கதைச்சவன்."

அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். சுளகு நின்றது. "என்ன சொன்னவன்?"

"அதைச் சொல்லமாட்டினமாம்."

சுளகில் இருந்த அரிசியை அவள் அப்படியே திரும்பவும் மூடைக்குள் கொட்டினாள்.

மற்ற நாள் காலையில் தென்பகுதி ஆட்களுக்குக் கலாசாரச் சுற்றுலா. மருதனார்மடத்து ஆஞ்சநேயரைக் காட்டுவதற்கு பஸ்ஸில் கொண்டுவந்து இறக்கியிருந்தார்கள். மன்னிக்கும் தரப்பு பின்னேரம் இரண்டு மணிக்கு மண்டபத்துக்கு வந்தால் போதும். ஒன்பதரை மணிபோல ஆழ்வாப்பிள்ளையின் படலையடியில் ஓர் ஓட்டோ வந்து நின்றது. வினோஜா இறங்கினாள். பின்னால் பியசிறி, செருப்பைப் படலைக்கு வெளியே கழற்றிவிட்டு வந்தார்.

முற்றத்தில் நின்ற நாகேஸ்வரியைப் பார்த்துக் கைகூப்பி, தமிழில் சொன்னார். "நாங்கள் எல்லோரும் ஒரு தாயின் பிள்ளைகள்."

"எந்தத் தாய்?" என்றாள் நாகேஸ்வரி.

பியசிறி வினோஜாவைப் பார்த்தார். அவருக்குப் பணியகம் பழக்கிய தமிழ் அவ்வளவுதான்.

"ஐயா, நேற்று நான் சொன்னது பிழை" என்றாள் வினோஜா. "எனக்கு நித்திரை வரேல்லை. கோயிலடியிலை மற்றாக்கள் படம் எடுக்கேக்கை இவரைக் கூட்டிக்கொண்டு வந்திட்டன். இப்ப முழுதும் சொல்லுறன். ஒரு சொல்லும் விடமாட்டன்."

கதிரை போட்டார்கள். பியசிறி நிலத்தில் இருக்கப் பார்த்தார். ஆழ்வாப்பிள்ளை பிடித்துக் கதிரையில் இருத்தினார். அவர் சொல்லச் சொல்ல வினோஜா சொன்னாள்.

அப்போது அவருக்கு இருபத்தொரு வயது. படைக்கு வந்து ஐந்து மாதம். சங்கக்கடையடியில் காவல். ஒரு பெடியன் சைக்கிளில் வந்தான். இறங்கு என்று சொன்னது இவர். அடையாள அட்டையில் இருந்த ஊர் வேறு, அவன் சொன்ன ஊர் வேறு என்றபடியால் மேலே இருந்த அதிகாரி பிடித்து வைக்கச் சொன்னான். சங்கக்கடைச் சுவரோடு இருத்தினார்கள். பகல் முழுவதும் வெயில். இரண்டு தரம் தன்னுடைய போத்தலில் தண்ணீர் கொடுத்தார். பெடியன் சத்தம் போடவில்லை. பையிலிருந்து புத்தகம் எடுத்துப் படித்துக்கொண்டிருந்தான். பொழுதுபட ஒரு வாகனம் வந்தது.

"தான்தான் கையைப் பிடிச்சு ஏத்தினவராம்" என்றாள் வினோஜா. "அதுக்குப் பிறகு ஒண்டும் தெரியாதாம். ஒரு மாதம் கழிச்சுக் கேட்டவராம். கேக்காதை எண்டு சொன்னவையாம். தனக்கும் இப்ப ஒரு மகன் இருக்கிறானாம், கண்ணாடி போடுறவனாம். அவன் படிக்கிறதைப் பாக்கேக்கையெல்லாம் அந்தப் பெடியன்ரை கண்ணாடிதான் நினைப்பு வருமாம். ஒரு காது உடைஞ்சு, மீன்பிடிக்கிற தங்கூசியாலை கட்டியிருந்ததாம்."

ஆழ்வாப்பிள்ளையின் வாய் திறந்திருந்தது. ஓம் என்று சொல்ல அவருக்கு ஆசையாக இருந்தது. ஓம், அதுதான் என்ரை பிள்ளை. இருபத்தொன்பது வருடத்தில் முதன்முதலாக ஒரு மனிதன், கண்டேன், தண்ணீர் கொடுத்தேன், கையைப் பிடித்தேன் என்று சொல்லிக்கொண்டு எதிரில் இருக்கிறான். ஒரு சொல் சொன்னால் போதும்.

"எங்கடை பிள்ளைக்குக் கண்ணாடி இல்லை" என்றாள் நாகேஸ்வரி.

வினோஜா அதைச் சிங்களத்தில் சொல்ல நேரமெடுத்தது. பியசிறி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்ன கிழமையெண்டு கேள் பிள்ளை" என்றார் ஆழ்வாப்பிள்ளை.

"வியாழக்கிழமையாம்."

"இவன் போனது செவ்வாய்க்கிழமை. அதே சென்ரிதான். செவ்வாய்க்கிழமை ஆர் நிண்டதெண்டு..."

பியசிறி தெரியாதென்று தலையாட்டினார். செவ்வாய்க்கிழமை அவர் லீவில் ஊருக்குப் போயிருந்தார். புதன் இரவுதான் திரும்பி வந்தார்.

வெங்காயத் தறையில் காகங்கள் இறங்கியிருந்தன. ஆழ்வாப்பிள்ளை எழுந்து போய் அவற்றைக் கலைத்துவிட்டு, அங்கேயே கொஞ்ச நேரம் மறுபக்கம் பார்த்து நின்றார். திரும்பி வந்து சொன்னார்.

"அது மார்கிரட்டின்ரை பெடியன். அமலதாஸ். இவனோடைதான் படிச்சவன். இவனுக்கு ரெண்டு நாள் பிந்திப் போனவன்."

மயிலிட்டியிலிருந்து தொண்ணூறில் இடம்பெயர்ந்து, அந்தக் காலத்தில் இங்கே அகதி முகாமில் இருந்த குடும்பம். கடற்கரைப் பெடியன், கிட்டப் பார்வை, கரும்பலகைக்கு முன்னால்தான் இருப்பான். மார்கிரட்டும் ஆழ்வாப்பிள்ளையும் எத்தனையோ இராணுவ முகாம் வாசல்களில், எத்தனையோ குழுக்களின் வாங்குகளில் பக்கத்தில் பக்கத்தில் காத்திருந்தவர்கள். மயிலிட்டித் துறைமுகம் இராணுவத்திடமிருந்து விடுபட்ட பிறகு அவள் ஊருக்கே திரும்பிப் போய்விட்டாள்.

வினோஜா மணியைப் பார்த்தாள். "பஸ் பன்னிரண்டுக்குத்தான் திரும்பும். போட்டு வரலாம்."

"வாங்கோ" என்றார் ஆழ்வாப்பிள்ளை. உள்ளே போய்ச் சேட்டைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தபோது நாகேஸ்வரி வேறு சீலை உடுத்து ஓட்டோவுக்குள் ஏறி இருந்தாள். நாலு பேரும் நெருக்கிக்கொண்டு போனார்கள்.

மார்கிரட் வீட்டுக்குப் பக்கத்தில் சாக்கு விரித்துச் சூடைக் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தாள். ஆழ்வாப்பிள்ளையைக் கண்டதும் சிரித்தாள், பியசிறியைக் கண்டதும் சிரிப்பு நின்றது.

"ஆர் அண்ணை உவர்?"

"உள்ளங்களை இணைக்கிற இடத்துக்கு வந்தவர்."

"ஐயோ, நான் போன வருசமே மன்னிச்சிட்டன் அண்ணை. படமும் எடுத்தவை. ஒரு சமையல்காரன். அவன் ஒருநாளும் துவக்குத் தொடேல்லையாம், பருப்புத்தான் காச்சினவனாம். பாவம், என்னைக் கட்டிப்பிடிச்சு விக்கி விக்கி அழுதான். நான்தான் தேத்தினனான்."

"மார்கிரட், நீ ஒருக்கா இரு" என்றார் ஆழ்வாப்பிள்ளை.

அவள் சாக்கின் ஓரத்தில் இருந்தாள். பியசிறி திரும்பவும் எல்லாவற்றையும் சொன்னார். இந்த முறை சொல்லும்போது அவரால் தொடர்ச்சியாகச் சொல்ல முடியவில்லை. வினோஜாவும் நிறுத்தி நிறுத்தித்தான் சொன்னாள். தங்கூசி என்ற சொல் வந்ததும் மார்கிரட் கையைத் தூக்கி நிற்பாட்டினாள். தன்னுடைய கையால் கட்டிவிட்டது என்றாள். பிறகு, சொல்லட்டும் என்று கையை இறக்கினாள்.

முடிந்த பிறகு அவள் அழவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள்.

"வாகனத்திலை ஏத்தேக்கை கண்ணாடியைக் கழட்டிப்போட்டினமோ?"

இல்லை, போட்டபடிதான் ஏறினான் என்றார் பியசிறி.

"அப்ப கண் தெரிஞ்சிருக்கும்" என்றாள் மார்கிரட். அது நல்லதா கெட்டதா என்று அவளுடைய முகத்திலிருந்து ஆழ்வாப்பிள்ளையால் கண்டுபிடிக்க முடியவில்லை. அவள் தன் பாட்டில் கருவாட்டை ஒவ்வொன்றாகப் புரட்டிப் போட்டாள். இரண்டு வரிசை புரட்டியதும் குரலெடுத்துக் கத்தினாள். நாகேஸ்வரி போய் அவளைப் பிடித்தாள். பியசிறி, படம் எடுக்க ஆளில்லாத அந்த இடத்தில் என்ன செய்வதென்று தெரியாமல், மார்கிரட் விட்ட இடத்திலிருந்து கருவாட்டைப் புரட்டத் தொடங்கினார்.

அயலட்டைப் பெண்கள் ஓடிவந்து மார்கிரட்டைச் சூழ்ந்துகொண்ட பிறகுதான் அவர்கள் புறப்பட்டார்கள். இரண்டு மணிக்கு மண்டபத்தில் எல்லாரும் இருந்தார்கள். நாகேஸ்வரியும் உள்ளே வந்து கடைசி வரிசையில் இருந்தாள். நிகழ்ச்சி தொடங்குமுன் ஆழ்வாப்பிள்ளை அருட்செல்வனை ஓரமாகக் கூப்பிட்டார்.

"தம்பி, எனக்கு விழுந்த ஆள் மாறிப் போச்சு. என்ரை பிள்ளையை மறிச்சது இவரில்லை. அண்டைக்கு நிண்ட ஆளை எடுத்துத் தருவியளோ?"

அருட்செல்வன் உண்மையிலேயே மனம் நொந்தார். "ஐயா, அந்த ஆள்தான் வேணும் எண்டு நீங்கள் கேட்டால் அது நல்லிணக்கம் இல்லை. அது விசாரணை. எங்கடை மன்னிப்புப் பொதுவானது. உங்கடை ஆளை வேறை ஆரும் மன்னிச்சிருப்பினம். நீங்கள் வேறை ஆரின்ரையோ ஆளை மன்னிக்கிறியள். கூட்டிப் பாத்தால் எல்லாம் சரியாய் வரும்."

சோடி சோடியாக மேடைக்குக் கூப்பிட்டார்கள். ஏழாம் சோடி ஏறியது. பியசிறி கையை விரிக்குமுன்பே ஆழ்வாப்பிள்ளை அவரைக் கட்டிக்கொண்டார். காலையிலிருந்து சாப்பிடாத இரண்டு மனிதர்கள் ஒருவரில் ஒருவர் சாய்ந்து நின்றார்கள். படம் எடுப்பவன் ஆயத்தமாக இருக்கவில்லை. இன்னொரு தரம் பிடிக்கச் சொன்னான். அதற்கிடையில் ஆழ்வாப்பிள்ளையின் கையில் ஒலிவாங்கியையும் 'நான் மனதார மன்னித்துவிட்டேன்' என்று அச்சடித்த அட்டையையும் கொடுத்தார்கள்.

அவர் அட்டையைப் பார்த்தார். பிறகு கீழே முன்வரிசையில் இருந்த தென்பகுதி ஆட்களைப் பார்த்துச் சொன்னார்.

"தொண்ணூத்தாறாம் ஆண்டு. ஆடி மாதம். செவ்வாய்க்கிழமை. சங்கக்கடையடிச் சென்ரி. பெடியனுக்குப் பத்தொன்பது வயது, நல்ல உயரம், நீலச் சேட்டு, லுமாலா சைக்கிள். அண்டைக்கு அங்கை நிண்ட ஆள் ஆரும் இஞ்சை இருந்தால் சொல்லுங்கோ. நான் ஒண்டும் செய்யமாட்டன். எனக்குக் கோபம் ரெண்டுதான்."

வினோஜா மற்ற ஒலிவாங்கியை எடுத்து ஒரு சொல்லும் விடாமல் அதைச் சிங்களத்தில் சொன்னாள்.

முன்வரிசையில் தென்பகுதி மூன்றாம் இலக்கத்துக்காரர் எழுந்தார். தான் அந்த இடத்தில் நிற்கவில்லை, ஆனால் வேறோர் இடம், வேறொரு நாள், ஒரு தாயும் மகளும் என்று தொடங்கினார். அவர் முடிக்குமுன் இன்னொருவர் கையை உயர்த்தினார். அதற்குப் பின்னால் இன்னொருவர். பணிப்பாளர் அருட்செல்வனைப் பார்த்தார், அருட்செல்வன் ஒலிபெருக்கிக்காரனைப் பார்த்தார், ஒலிபெருக்கிக்காரன் ஒற்றுமைப் பாட்டை முழுச் சத்தத்தில் போட்டான். கண்ணாடி யன்னல்கள் அதிர்ந்தன. 'ஒரே கொடியில் இரு மலர்கள்' என்று குழந்தைகள் பாட, தென்பகுதி ஆட்களை வரிசையாக வெளியே கூட்டிப்போய் பஸ்ஸில் ஏற்றினார்கள்.

வடபகுதி ஆட்களும் எழுந்து பின்னால் போனார்கள். பஸ்ஸின் யன்னலடியில் வினோஜா நின்றாள். ஒருவரும் ஒழுங்குபடுத்தாமலே அவளுக்கு முன்னால் ஒரு வரிசை வந்தது. முதல் ஆள் தன்னுடைய ஊரையும் நாளையும் சொல்ல, வினோஜா யன்னல் யன்னலாகக் கேட்டுக்கொண்டு போனாள். சில யன்னல்களில் தலைகள் ஆடின. சில யன்னல்களில் திரையை இழுத்துவிட்டார்கள். ஒரு யன்னலில் ஒரு மனிதர் பாதி உடம்பை வெளியே போட்டுக் கத்திக் கத்திச் சொன்னார்.

பஸ்ஸை எடுக்கச் சொல்லி அருட்செல்வன் செந்தூரனிடம் வந்தார். செந்தூரன் இறங்கி முன்பக்க மூடியைத் திறந்து உள்ளே பார்த்தான். "ஸ்ராட் வருதில்லை சேர்" என்றான். நாற்பது நிமிடம் அப்படியே பார்த்துக்கொண்டு நின்றான். எந்த இடத்திலும் கை வைக்கவில்லை. பணிப்பாளரே இறங்கி வந்து, இன்னொரு சாரதியை வரச்சொல்லித் தொலைபேசியில் கத்திய பிறகுதான் மூடியை மூடினான்.

அந்த வருடத்து அறிக்கையில் இருபத்திரண்டு உள்ளங்கள் இணைந்ததாக எழுதினார்கள். வினோஜாவுக்கு ஒப்பந்தம் நீடிக்கப்படவில்லை. 'மொழிபெயர்ப்பின் எல்லையை மீறியமை' என்று காரணம் போட்டிருந்தது. இவையெல்லாம் பிறகு நடந்தவை.

அன்றைக்கு பஸ் புறப்பட்டபோது வரிசையில் ஆழ்வாப்பிள்ளைக்கும் நாகேஸ்வரிக்கும் முன்னால் இன்னும் நாலு பேர் நின்றார்கள். புகை அடங்கியதும் வினோஜா அவர்களிடம் வந்தாள். தொண்டை கட்டியிருந்தது.

"அம்மா, உங்கடை முறை வரேல்லை."

"பறவாயில்லை பிள்ளை. முன்னுக்கு நிண்டவைக்கு ஏதும் கிடைச்சுதோ?"

"ரெண்டு பேருக்கு."

மதிலோரம் வேப்பமர நிழலில் அந்த இரண்டு பேரும் இருந்தார்கள். ஒரு பெண் நிலத்தில் குப்புறக் கிடந்து அழுதாள். பக்கத்தில் ஒரு கிழவர், யாரோ கொடுத்த தண்ணீர்ப் போத்தலைத் திறக்காமல் மடியில் வைத்துக்கொண்டு, "வளவுக்குள்ளையாம், கிணத்துக்குப் பக்கத்திலை புதைச்சவையாம்" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். நாகேஸ்வரி நடந்துபோய் அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்து, அவளுடைய தலையைத் தூக்கித் தன்னுடைய மடியில் வைத்தாள்.

ஆழ்வாப்பிள்ளை தள்ளி நின்று பார்த்தார். அவர்களைப் பார்க்க அவருக்குப் பொறாமையாக இருந்தது. அதற்காக அவர் வெட்கப்பட்டார். வெட்கப்பட்ட பிறகும் அது போகவில்லை.